நாய்க்குத் தப்பிய கட்டில்

ஏலுபாய் முப்பத்தோரு வருஷம் கஜகஸ்தானில், ஷிம்கென்ட் நகரத்தில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்தார். அத்தனை வருஷத்தில் ஒரு நாற்காலியைக்கூட அவர் கழித்ததில்லை. அவரிடம் இருந்தது ஒரே முத்திரை. அதில் 'தரமானது' என்று மட்டும் செதுக்கியிருந்தது. 'தரமற்றது' என்ற முத்திரையும் ஒரு காலத்தில் இருந்ததாம். அவர் வேலைக்குச் சேருவதற்கு முன்பே அது எங்கேயோ தொலைந்துவிட்டது. வேறொன்று செய்து தரும்படி மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். "இதுவரை தேவைப்படாதது இனிமேல் எதற்கு?" என்று பதில் வந்தது. நியாயமான கேள்வியாகத்தான் அவருக்கும் பட்டது. மாதக் கடைசியில் பசை காயாத நாற்காலிகள் லாரி ஏறும்போது கண்ணை மூடிக்கொண்டு குத்தித் தள்ளுவார். மனசாட்சி உறுத்தினால் மத்தியானம் உறுத்தும், சாப்பிட்டதும் சரியாகிவிடும்.

தொழிற்சாலையை இழுத்து மூடி, அவரையும் வீட்டுக்கு அனுப்பிய மறுநாள்தான் அவருக்குள் உண்மையான பரிசோதகர் கண்விழித்தார். பக்கத்து வீட்டு மதில் அரை விரற்கடை சாய்ந்திருக்கிறது என்று ரசமட்டம் வைத்துக் காட்டினார். மனைவி நுர்பிகே உருட்டிய மாவு ஒரு பக்கம் தடிமனாக இருக்கிறது என்றார். நுர்பிகே பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தைந்து வருஷம் ஐந்நூறு பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டவள். உருளையை அவர் கையில் கொடுத்து, "நீங்களே உருட்டுங்க, நான் முத்திரை குத்துறேன்" என்றாள். அதோடு சமையலறைப் பரிசோதனை முடிந்தது.

அவர்களுக்கு ஒரே மகள், தோர்கின். ஒன்றரை வருஷத்துக்கு முன் அவளை சோசாக் பக்கத்தில், புல்வெளியில் ஆட்டுமந்தை வைத்திருக்கும் குடும்பத்தில் கட்டிக்கொடுத்தார்கள். மகள் போன அடுத்த மாதமே ஏலுபாய் கால்நடைச் சந்தைக்குப் போய், வெள்ளை மார்போடு ஒரு குட்டி நாயைக் கோட்டுக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். அக்தோஸ் என்று பேர் வைத்தார். இப்போது அது கன்றுக்குட்டி உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. மதில் சாய்ந்த கதையை அவர் எத்தனை முறை சொன்னாலும் அந்த வீட்டில் முழுசாக உட்கார்ந்து கேட்பது அது ஒன்றுதான். அவருக்கு அதன்மேல் உயிர். இதை யாரிடமும் சொன்னதில்லை; அறுபத்தெட்டு வயசில் நாயைப் பற்றி அப்படியெல்லாம் சொல்லிக்கொள்ள முடியுமா?

இப்படி ஒரு நாயிடம் ஒரே ஒரு குறை. அது கட்டில் தின்றது.

கட்டில் என்றால் படுக்கிற கட்டில் இல்லை. முற்றத்தில் திராட்சைப் பந்தலுக்கு அடியில் போடுகிற தப்சான்; மூன்று பக்கமும் கைப்பிடி வைத்து, பத்துப் பேர் சம்மணமிட்டு உட்கார்ந்து சாப்பிடுகிற அகலக் கட்டில். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அந்த ஊரில் எல்லோருக்கும் வாழ்க்கை அதன் மேல்தான். ஏலுபாய் வீட்டுப் பைன் மரக் கட்டிலை அக்தோஸ் ஒரு மாதத்தில் கைப்பிடியிலிருந்து ஆரம்பித்து முடித்தது. அடுத்து வாங்கிய ஓக் மரக் கட்டிலுக்கு ஆறு வாரம் பிடித்தது. மூன்றாவது, சீனாவிலிருந்து வந்த பிளாஸ்டிக் பிரம்புக் கட்டில். அதைத் தின்று முடித்த நாயின் வயிற்றிலிருந்து பச்சைப் பிளாஸ்டிக் நாலு நாள் வந்துகொண்டிருந்தது.

நுர்பிகே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"நல்லாக் கேட்டுக்குங்க. மே மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை சம்பந்தி வர்றாங்க. கல்யாணத்துக்கு அப்புறம் மொதத் தடவையா நம்ம வீட்ல சாப்பிடப் போறாங்க. அவங்களத் தரையில உக்கார வைக்க முடியாது. அதுக்குள்ள ஒரு கட்டில் முழுசா நிக்கணும். அதையும் இந்தச் சனியன் தின்னுச்சுன்னா, என் தம்பி லாரியில ஏத்தி மலைமேல இருக்கற ஆட்டுப்பட்டிக்கு அனுப்பிருவேன்."

"அதுக்கு ஒரு பேரு இருக்கு" என்றார் ஏலுபாய்.

"ஆமா. அதத்தான் சொன்னேன்."

அவள் சொன்னால் செய்வாள். மலைப்பட்டிக்குப் போன நாயை அப்புறம் யார் போய்ப் பார்ப்பது? ஏலுபாய் மறுநாள் காலையிலேயே கட்டம் போட்ட நோட்டு ஒன்று வாங்கி, 'நாய் உள்ள வீடுகளுக்கான முற்றத்துக் கட்டில்: நிபந்தனைகள்' என்று முதல் பக்கத்தில் எழுதினார். பதினேழு நிபந்தனைகள் எழுதி, கடைசியில் சோதனை முறையையும் சேர்த்தார்: ஒரு கட்டில், ஒரு நாய், நாற்பது நிமிஷம்.

நோட்டையும் அக்தோஸையும் அழைத்துக்கொண்டு மரச்சாமான் சந்தைக்குப் போனார். முதல் கடைக்காரன் வாயெல்லாம் பல்லாக வரவேற்றான்.

"வாங்க பெரியவரே! பத்து வருஷம் உத்தரவாதம்!"

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

"நான் சும்மா உக்காரத்தானே போறேன். கடிக்கப் போறவனுக்கு உத்தரவாதம் குடு" என்று சொல்லி, ஏலுபாய் நாயைக் கட்டிலின் காலில் கட்டிவிட்டு, கடிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். கடைக்காரன் வாயைப் பிளந்தபடி நின்றான். அக்தோஸ் கட்டிலை ஒரு முறை மோந்து பார்த்தது. கொட்டாவி விட்டது. நாற்பது நிமிஷமும் தூங்கியது.

அடுத்த கடையிலும் தூங்கியது. அதற்கடுத்த கடையிலும் தூங்கியது. சந்தை முழுக்க ஒரு கட்டிலையும் அது பல்லால் தொடவில்லை. எஜமானரைப் போலவே நாயும் எல்லாவற்றுக்கும் 'தரமானது' என்று சொல்லிவிட்டது. "என்னடா, லஞ்சம் வாங்கிட்டியா?" என்று ஏலுபாய் அதன் காதைப் பிடித்துக் கேட்டார். போன வருஷம் ஓக் கட்டிலையும் இதே மாதிரி மோந்து பார்த்துச் சரி என்று விட்டுவிட்டு, வீட்டுக்கு வந்த பிறகுதான் தின்றது என்பது அவருக்கு நினைவிருந்தது. காரணம் மட்டும் பிடிபடவில்லை. மூன்றாவது நாள் அவரும் நாயும் தெருமுனையில் தெரிந்ததுமே கடைக்காரர்கள் ஷட்டரை இறக்க ஆரம்பித்தார்கள்.

கடைசியில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த உஸ்பெக்காரர் ஏர்காஷ்தான் கைகொடுத்தார்.

"மரத்த விடுங்க பெரியவரே. எண்ணெய்க் கிணத்துல எறக்குற குழாய் எங்கிட்ட கெடக்கு. அதுல அடிச்சுத் தர்றேன். ரயில் வந்து மோதினாலும் ரயிலுக்குத்தான் சேதம்."

"எத்தன வருஷம் வரும், மேஸ்திரி?"

"உங்க பேரனோட பேரன் இதத் தூக்கிப் போட முடியாம தலையில அடிச்சுக்குவான். போதுமா?"

போதும் என்று ஏலுபாய் நோட்டில் குறித்துக்கொண்டார்.

இரும்புக் கட்டில் கிரேன் வண்டியில் வந்தது. உள்ளே போகவில்லை, கேட்டைக் கழற்றினார்கள். இறக்கி வைத்தபோது சமையலறையில் கிண்ணங்கள் குலுங்கின. மத்தியான வெயிலில் அதைத் தொட்டால் கை பொரிந்தது. விடிகாலையில் தொட்டால் விரல் விறைத்தது. நாலு மெத்தை விரிப்பு போட்டால்தான் உட்கார முடிந்தது. ஆனால் நாய் தின்னவில்லை. அக்தோஸ் இரண்டு நாள் கைப்பிடியை நக்கிப் பார்த்தது, ஒரு நாள் பல்லை வைத்துப் பார்த்தது, அப்புறம் பெருமூச்சு விட்டுவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. ஏலுபாய்க்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. பழைய முத்திரை கையில் இருந்திருந்தால் நாலு காலிலும் குத்தியிருப்பார். வாழ்க்கையில் முதல் முறையாக அது பொய்யாக இருந்திருக்காது.

சம்பந்தி வருவதற்கு முந்தின நாள், மானமுள்ள குடும்பங்கள் செய்வதை நுர்பிகேயும் செய்தாள்: நல்ல சாமான்களையெல்லாம் ஒளித்து வைத்தாள். சம்பந்தி ஒரு பொருளைக் காட்டி, "இதை எனக்குக் கொடுங்கள்" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டால் இல்லை என்று சொல்லும் வழக்கம் அங்கே கிடையாது. அதனால் கம்பளம் பக்கத்து வீட்டுக்குப் போனது. வெள்ளி ஒட்டியாணம் மாவு டப்பாவுக்குள் போனது. டீ கொதிக்கவைக்கிற பித்தளை சமோவாரைக் கோழிக்கூண்டில் வைத்து மூடினாள். கேட்டால் கொடுத்துத் தொலைக்கலாம் என்று, மணிக்கொரு தரம் அபஸ்வரமாகக் கூவுகிற ஒரு பெரிய சுவர்க் கடிகாரத்தை நடுக்கூடத்தில் துடைத்து மாட்டினாள். எல்லாவற்றையும் யோசித்தார்கள். நாயை ஒளித்து வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

சம்பந்தி துய்சென் ஆறடி ஆள். ஆட்டுமந்தையை அதட்டியே பழகிய குரல். மனைவியோடு வந்து இறங்கினார்; கடிகாரம் அவர் காதருகே கூவியது; திரும்பிக்கூடப் பார்க்காமல் முற்றத்துக்குப் போனார். இரும்புக் கட்டிலில் அவரை நடு இடத்தில் உட்கார வைத்து, வெந்த ஆட்டுத்தலையை மரியாதைக்கு அவர் முன்னால் வைத்தார்கள்.

"அடேயப்பா, கட்டிலா இது? டாங்கியில்ல!" என்று கைப்பிடியைத் தட்டிப் பார்த்தார்.

ஏலுபாய்க்கு நெஞ்சு நிமிர்ந்தது. கட்டிலைக் கேட்டால்கூடக் கொடுத்துவிடலாம், கிரேன் வண்டியை அவரே பிடித்துக்கொள்ளட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் அக்தோஸ் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. துய்சென் கழற்றி வைத்திருந்த பூட்ஸில் ஆயிரம் ஆட்டின் வாசனை. அதை மோந்துவிட்டு, அவரை நிமிர்ந்து பார்த்து, கைப்பிடி வழியாகத் தலையை நீட்டி அவர் முழங்காலில் வைத்தது. துய்சென் சாப்பிடுவதை நிறுத்தினார். அதன் மார்பை அமுக்கினார், உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தார்.

"சம்பந்தி, மார்ச் மாசம் மட்டும் ஓநாய் பதினோரு ஆட்டத் தூக்கிருச்சு. எங்கிட்ட இருக்கற நாயெல்லாம் கெழடு. நான் எதுவும் கேக்கக் கூடாதுன்னுதான் வந்தேன். ஆனா கேக்கறேன். இந்த நாய எனக்குக் குடுங்க."

நுர்பிகேயின் கையில் கரண்டி அப்படியே நின்றது. ஏலுபாய் வாய்க்குக் கொண்டுபோன இறைச்சியைத் தட்டில் திரும்ப வைத்தார். மாட்டேன் என்று சொல்ல முடியாது. சொன்னால் மகள் அந்த வீட்டில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு தொழில்தான். அதைத்தான் கடைசியில் பிடித்துக்கொண்டார்.

"சம்பந்தி கேட்டதே எங்களுக்குப் பெருமை. ஆனா உங்களுக்குப் போய் நான் இதக் குடுக்கலாமா? இது..." அந்த வார்த்தை வாயை விட்டு வருவதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது. "இது தரமில்லாத நாய்."

"அப்படியா?"

"மூணு கட்டிலத் தின்னுருக்கு! இந்த இரும்பு அதுக்கு பயந்துதான். சோம்பேறி. நாளெல்லாம் தூங்கும். போன வாரம் பக்கத்து வீட்டுப் பூன இதோட தட்டுலயே சாப்ட்டுப் போச்சு, பாத்துக்கிட்டே படுத்திருந்துச்சு. ஓநாய் வந்தா வால ஆட்டும். இடது காதும் சரியாக் கேக்காது."

 துய்சென் கட்டில் அதிரச் சிரித்தார்.

"சம்பந்தி, எண்பத்தி மூணுல எங்க கல்யாணத்துக்குன்னு பன்னெண்டு நாற்காலி வாங்கினோம். உங்க தொழிற்சாலைச் சரக்கு. ஒவ்வொண்ணுக்கும் அடியில 'தரமானது'ன்னு பளிச்சுனு முத்திர. எங்க மாமனார் உக்காந்தாரு பாருங்க, நாலு காலும் நாலு திசைக்குப் போச்சு. மனுஷன் ஒரு மாசம் குப்புறத்தான் படுத்தாரு. அது உங்க கைதானே?"

ஏலுபாய் தட்டை அவர் பக்கம் நகர்த்தி, "சாப்பிடுங்க, ஆறுது" என்றார்.

"நீங்க தரமானதுன்னு சொல்லியிருந்தா, நான் பயந்து விட்டுட்டுப் போயிருப்பேன். நீங்களே வாயத் தொறந்து தரமில்லன்னு சொல்றீங்கன்னா, இதவிட ஒசத்தியான நாய் கஜகஸ்தான்லயே கெடையாது!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஏலுபாயும் சிரித்தார், சம்பந்தி சிரிக்கும்போது சிரிக்காமல் இருக்க முடியாது. சாயங்காலம் நாய்க்குச் சங்கிலி மாட்டி, தன் கையாலேயே பிடித்துக் கொடுத்தார். காரின் பின் கண்ணாடி வழியாக அக்தோஸ் அவரைப் பார்த்துக்கொண்டே போனது. எங்கேயோ சுற்றிவரக் கூட்டிப்போகிறார்கள் என்று அது நினைத்துக்கொண்டிருக்கும்.

அடுத்த நாள் காலையில் கட்டிலின் ஒரு மூலையில் உட்கார்ந்து ஏலுபாய் அழுதார். இரும்பில் ஒரு கீறல் இல்லை, பச்சை பெயின்ட் ஓர் இடத்தில்கூட உரியவில்லை. பதினேழு நிபந்தனைகளும் நிறைவேறியிருந்தன. இதைவிட உறுதியான கட்டில் அந்தத் தெருவில் யார் வீட்டிலும் இல்லை. அதைப் பார்க்கவே அவருக்கு வெறுப்பாக இருந்தது.  சனியன் ஒழிந்தது என்று நுர்பிகே சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக, எலும்புக் கஞ்சியை வழக்கமான அளவுக்கே வைத்துவிட்டு, யாருக்கு ஊற்றுவது என்று தெரியாமல் பாத்திரத்தோடு முற்றத்தில் நின்றாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம் தொலைபேசி அடித்தது. துய்சென்தான். குரல் இரண்டு வீடு தள்ளிக் கேட்டது.

"சம்பந்தி! உங்க நாய் தங்கம். ரெண்டு ஓநாயத் தொரத்திருச்சு. ஆனா ஒரு விஷயம். எங்க கட்டிலுக்கு இப்ப மூணு கால்தான் இருக்கு. கைப்பிடி ரெண்டு பக்கம் காணோம்."

"அடடா, வேணும்னா நாய..." என்று ஏலுபாய் ஆசையோடு ஆரம்பித்தார்.

"திருப்பித் தர்றதா? கேட்டு வாங்கினதத் திருப்பினா ஊர் சிரிக்கும். நீங்க இந்த விஷயத்துல கரைகண்டவராச்சே. வந்து பாத்து, எந்த மாதிரிக் கட்டில் போடணும்னு சொல்லுங்க. சம்பந்தியம்மாவையும் கூட்டிக்கிட்டு வாங்க."

மகளைக் கொடுத்த வீட்டுக்குக் கூப்பிடாமல் போய் நிற்கும் வழக்கம் அவர்களிடம் இல்லை. இந்த ஒன்றரை வருஷத்தில் நுர்பிகே மகளை அவள் வீட்டில் வைத்துப் பார்த்தது ஒரே ஒரு முறை. அதைப் பற்றி அவள் வாய் திறந்ததில்லை. ஆனால் ஏலுபாய் தொலைபேசியைக் கீழே வைப்பதற்குள் பையின் ஜிப்பை இழுத்து மூடும் சத்தம் கேட்டது.

சோசாக்கில் அவர் காரிலிருந்து ஒரு காலைத்தான் கீழே வைத்தார். அக்தோஸ் பாய்ந்து வந்து அவரைப் புழுதியில் மல்லாக்கத் தள்ளி, முகத்தை நக்கியது. மகள் தோர்கின் வாசலில் நின்று சிரித்தாள்.

"ஏம்ப்பா, என்னைப் பாக்க வந்தீங்களா, இதப் பாக்க வந்தீங்களா?"

"கட்டிலப் பாக்க" என்றார் ஏலுபாய், படுத்த வாக்கிலேயே.

பூதக்கண்ணாடியும் அளவு நாடாவும் வைத்துக் கட்டிலை ஒரு மணி நேரம் பரிசோதித்தார். கடி எல்லாம் உட்காருபவர்களின் கை எட்டும் இடத்தில்தான் ஆரம்பித்திருந்தது; காணாமல் போன காலும் கைப்பிடி மூலைக்கு நேர் கீழே இருந்ததுதான். நோட்டில் குறித்துக்கொண்டார், ஏன் என்று விளங்கவில்லை. அதற்குள் இறைச்சித் தட்டு வந்துவிட்டது. நாலாவது காலுக்குச் செங்கல் அடுக்கியிருந்த கட்டிலிலேயே எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள். ஏலுபாயும் நுர்பிகேயும் ஒரு பக்கம், நுர்பிகேயை ஒட்டி தோர்கின்.

துய்சென் கொழுப்புத் துண்டு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். அவர் கை கொழுப்பில் பளபளத்தது. நல்ல கொழுப்பைத் தண்ணீரில் கழுவிக் கொட்ட அந்த ஊரில் யாருக்கும் மனசு வராது. அந்தக் காலத்து ஆட்கள் பூட்ஸில் தடவுவார்கள், தோல் மெத்தென்று இருக்கட்டும் என்று. கட்டிலில் ஏறும்போதுதான் பூட்ஸைக் கழற்றிவிடுகிறார்களே? துய்சென் கையைக் கைப்பிடியில் துடைத்தார், ஒரு பக்கம், மறு பக்கம், விரல் விரலாக. அடுத்தாற்போல் அவர் மகன், தோர்கினின் புருஷனும் துடைத்தான். அக்தோஸ் எழுந்து வந்து, துடைத்த அதே இடத்தை மோந்து, கடைவாயில் வைத்துக் கடித்தது.

ஏலுபாய் மெல்லுவதை நிறுத்தினார். தன் கையைக் குனிந்து பார்த்தார். அது தன் பாட்டுக்குப் பக்கத்துக் கைப்பிடியில் கொழுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தது. பைன், ஓக், பிளாஸ்டிக் என்று மூன்று கட்டிலுக்கும் தினமும் மூன்று வேளை கொழுப்புத் தடவிக் கொடுத்துவிட்டு, நாயைப் பிடித்துத் திட்டியிருக்கிறார். சந்தைக் கட்டில்களை அது ஏன் கடிக்கவில்லை என்பதும் இப்போது புரிந்தது. முப்பத்தோரு வருஷமும் அதற்கு மேலும் பரிசோதகராக இருந்தவர் கண்டுபிடித்த முதல் உண்மையான குறை இதுதான்.

கை துடைக்க ஒரு துணியை எடுத்துப் போட்டால் போதும். 'கையைத் துணியில் துடையுங்கள் சம்பந்தி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிறகு எந்தக் கட்டிலும் பத்து வருஷம் நிற்கும். அவரை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

அவர் நுர்பிகேயைப் பார்த்தார். அவள் இடது கையால் மகளின் மணிக்கட்டைப் பிடித்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், வந்ததிலிருந்து விடவில்லை. ஆனால் அவள் பார்வை அவர் கைமேல் இருந்தது. அங்கிருந்து கைப்பிடிக்குப் போனது, நாயின் வாய்க்குப் போனது, திரும்பி அவர் முகத்துக்கு வந்தது.

"என்ன சம்பந்தி, காரணம் தெரிஞ்சுதா?" என்று கேட்டார் துய்சென்.

"தெரிஞ்சுது" என்றார் ஏலுபாய். "மரம் சரியில்ல."

"வேற என்ன மரம் போடலாம்?"

பாப்ளார் மரத்தில் நகத்தால் கீறினாலே கோடு விழும். அவருடைய தொழிற்சாலையிலேயே அதில் நாற்காலி செய்ய வெட்கப்படுவார்கள். அக்தோஸுக்கு அது மூன்று வாரத்துக்கு வராது.

"பாப்ளார் போடுங்க" என்றார்.

"பாப்ளாரா? மெத்துமெத்துனு இருக்குமே?"

"அதுதான் விசேஷம். கடிக்கிறதுக்கு ஒரு பிடிமானமே கெடைக்காது. நாய்க்கு அலுத்துப் போயிரும்."

துய்சென் தாடையைச் சொறிந்தார். பன்னிரண்டு நாற்காலியும் மாமனாரும் அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். மெதுவாக நுர்பிகே பக்கம் திரும்பினார்.

"நீங்க என்ன சொல்றீங்க, சம்பந்தியம்மா? இவர நம்பலாமா?"

நாற்பது வருஷத்தில் நுர்பிகே ஒரு முறைகூடக் கணவரின் பரிசோதனையை ஒப்புக்கொண்டதில்லை.

"இந்த விஷயத்துல அவர் சொன்னாச் சரியாத்தான் இருக்கும். பாப்ளாரே போடுங்க" என்றாள். "மூணு வாரம் கழிச்சு நாங்களே வந்து ஒரு தடவை பாத்துர்றோம்."

சொல்லிவிட்டு, தன் கையையும் கைப்பிடியில் நன்றாக அழுத்தித் துடைத்தாள்.